'வீசோ' போன வழி

சிசிலியின் பலெர்மோ துறைமுகத்தை ஒட்டிய போர்கோ வெக்கியோ, 16ஆம் நூற்றாண்டில் மதிலுக்கு வெளியே முளைத்த பேட்டை. அங்கே மீனும் காய்கறியும் விற்கும் வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவதற்கு 'அபன்னியாத்தா' என்று பெயர். சிசிலி மொழியின் ஓசையை வைத்து விளையாடும் பழக்கம் அந்தப் பேட்டையைவிட மூத்தது. 1198இல் பலெர்மோவில் முடிசூடிய இரண்டாம் ஃபிரெடெரிக்கின் அவையிலேயே அது கவிதையாகிவிட்டது.

ஜாகொமோ தா லெந்தீனி அந்த அவையின் நோட்டரி. பதினான்கடி சானெட்டை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர். 'வீசோ' என்றால் முகம். பார்வை என்றும் பொருள்படும். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வைத்து, பிரிவைச் சொல்லும் 'டிவீசோ'வுக்குள்ளும் அதை ஒளித்து ஒரு சானெட்டையே கட்டினார். ஒரே சொல் வெவ்வேறு பொருளில் திரும்ப வரும் மடக்கணியைப் படித்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது.

1250இல் பேரரசர் ஃபிரெடெரிக் இறந்தார். 1266இல் மகன் மான்ஃபிரெட் போர்க்களத்தில் விழுந்ததோடு அவையும் கலைந்தது. பாட்டுகள் மட்டும் வடக்கே தொஸ்கானா போய்ச் சேர்ந்தன. அங்கே படியெடுத்தவர்கள் தங்கள் ஊர் உச்சரிப்பின்படி எழுதினார்கள். சிசிலியில் ஒத்து முடிந்த 'அவிரி', 'செர்விரி' இரண்டும் 'அவேரே', 'செர்வீரே' ஆயின. பொருள் அப்படியே இருக்க, இயைபு உடைந்தது. தொஸ்கானியக் கவிஞர்கள் அந்த உடைசலையே முறையாகக் கொண்டு எழுதினார்கள்; பின்னாளில் அதற்குச் 'சிசிலி இயைபு' என்று பெயர் நிலைத்தது. 'வீசோ'வுக்கு மட்டும் அதிர்ஷ்டம்: தொஸ்கானாவிலும் அதே ஒலி.

14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க், லாவுரா என்ற காதலியின் பெயருக்குள் காற்றையும் பொன்னையும் லாரல் மரத்தையும் கண்டெடுத்தார். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் தாமஸ் வயட் வழியாகச் சானெட் இங்கிலாந்துக்குப் போனது. ஆங்கிலத்தில் லாவுராவும் காற்றும் ஒன்றாக ஒலிக்காதே! 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 135ஆம் சானெட், 'வில்' என்ற அவருடைய பெயரையே விருப்பம் என்ற பொருளோடு பிணைத்து விளையாடுகிறது.

சொல்விளையாட்டின் விதியைத்தான் ஊர்விட்டு ஊர் எடுத்துப்போக முடியும். விளையாட்டைப் போன இடத்து மொழியில்தான் ஆடியாக வேண்டும். நம்மிடமும் இதே கதைதான். பல்லவர் காலக் காஞ்சியில் தண்டி வடமொழியில் எழுதிய அணிநூல் கன்னடம், சிங்களம், திபெத்தியம் வரை பரவியது. தமிழில் தண்டியலங்காரம் செய்தவர் இலக்கணத்தை அவரிடம் வாங்கிக்கொண்டார். உதாரணச் செய்யுள்களைத் தமிழில் புதிதாகப் பாடினார். தண்டிக்குப் பல நூற்றாண்டு பின்னால் வந்த சோழன் அனபாயன் அந்தச் செய்யுள்களில் இடம்பெறுவது அதனால்தான்.