அயல்நாட்டுத் தீர்ப்பின் ஆயுள்

காலங்கடந்த கோரிக்கையை எந்நாட்டுச் சட்டத்தால் அளப்பது? 1852இல் பம்பாயிலிருந்து சென்ற ருக்மாபாய் – லல்லுபாய் மோத்திசந்த் மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில் கண்ட விடை: காலவரம்பு நடைமுறை சார்ந்தது, வழக்கு நடைபெறும் இடத்தின் சட்டமே அதனை ஆளும். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் அவ்வழியே நின்றது. வெளிநாட்டில் செய்த ஒப்பந்தம் குறித்து இங்குத் தொடுக்கும் வழக்குக்கு இந்தியக் காலவரம்பே பொருந்தும். அயல்நாட்டு விதி அவ்வொப்பந்தத்தையே அழித்து, அக்காலம் முழுவதும் இரு தரப்பினரும் அந்நாட்டை வாழ்விடமாகக் கொண்டிருந்தால் மட்டுமே விலக்கு.

தீர்ப்பே அயல்நாட்டினது எனில்? தேஹு ரோட்டில் சொத்துடைய கடனாளிமீது லண்டன் உயர் நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பாணையைப் புனே மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கோரலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1937இல் சேர்ந்த 44அ பிரிவு அதற்கு வழிசெய்கிறது. காலவரம்பு பற்றியோ அது வாய்திறக்கவில்லை.

அம்மௌனம் பாங்க் ஆஃப் பரோடா – கோடக் மஹிந்திரா வங்கி வழக்கில் சோதிக்கப்பட்டது. லண்டன் தீர்ப்பாணையின் நாள் 1995 பிப்ரவரி 20. பெங்களூருவில் நிறைவேற்று மனு 2009 ஆகஸ்டு 5. தீர்ப்பளித்த நாட்டின் காலவரம்பே பொருந்தும் என்று 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. இங்கிலாந்தில் அது 6 ஆண்டு, மனு வீழ்ந்தது. காலவரம்பு வெறும் நடைமுறை என்னும் பழைய கருத்தும் அங்கே தளர்ந்தது.

சிங்கப்பூரும் மலேசியாவும் 44அ பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நாடுகளே. அங்கே தீர்ப்புப் பெற்றுத் தமிழகத்தில் கடனாளியின் சொத்தைத் தேடி வருவோர், முதலில் புரட்ட வேண்டியது தீர்ப்பளித்த நாட்டின் சட்டநூலை.