விங்கர் (காற்பந்து): மூத்த ஆட்டக்காரரும் புதிய குழுவும்

விங்கர் என்பவர் திடலின் பக்கக் கோட்டை ஒட்டி ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர். எதிரணியின் பக்கத் தற்காப்பாளரைக் கடந்து பந்தைக் கோல் முகப்புக்குள் அனுப்புவது இவருடைய முதல் வேலை. இவ்விடத்தில் நெடுநாள் ஆடிய ஒருவர் முப்பது வயதைத் தாண்டிப் புதிய குழுவில் சேரும்போது பணி மாறிவிடுகிறது. ஓடிக் கடப்பது குறைந்து, பந்தைச் சரியான கணத்தில் சரியான இடத்துக்குக் கொடுப்பதும் தமக்குப் பின்னால் ஆடும் இளையவரை வழிநடத்துவதும் கூடுகின்றன.

தோற்றமும் வகைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனில் நிலைபெற்ற 2-3-5 அமைப்பில் முன்வரிசையில் ஐவர் நின்றனர். இரு ஓரங்களிலும் நின்றவர்களே முதல் விங்கர்கள். வலப்புறத்தவருக்கு 7, இடப்புறத்தவருக்கு 11 என்ற எண்கள் பின்னர் வழக்கமாயின. 1925-இல் ஆஃப்சைட் விதி தளர்த்தப்பட்டது. தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்பது இருவர் என்றானது. இதை ஈடுகட்ட ஆர்சனல் பயிற்றுநர் ஹெர்பர்ட் சாப்மன் நடு ஆட்டக்காரரைத் தற்காப்புக்கு இறக்கினார். முன்வரிசையிலும் இருவர் பின்னே இழுக்கப்பட்டனர். விங்கர்கள் மட்டும் தத்தம் கோட்டோரத்திலேயே நின்றனர்.

1958 உலகக் கிண்ணத்தை வென்ற பிரேசில் அணியில் விங்கரின் இரு முகங்களும் ஒருசேரத் தெரிந்தன. வலப்புறம் கரிஞ்சா கோட்டோரத்திலேயே நின்று தற்காப்பாளரை ஏமாற்றினார். இடப்புறம் சகாலோ வேண்டும்போது நடுக்களத்துக்கு இறங்கி உதவினார். இன்றைய மூத்த விங்கர்கள் பலர் பின்பற்றுவது சகாலோவின் வழியையே. 1966-இல் ஆல்ஃப் ராம்சியின் இங்கிலாந்து விங்கர் இல்லாமலே கிண்ணம் வென்றதும் இவ்விடம் காலாவதியாகிவிட்டது என்று சிலர் எழுதினர். அது தவறான கணிப்பு. இடக்கால்காரரை வலப்புறம் நிறுத்தி உள்நோக்கி வெட்டவிடும் முறை பரவிய பின், இவ்விடம் முன்னிலும் முக்கியமாகியிருக்கிறது.

மேத்யூஸ்: முன்மாதிரி

புதிய குழுவில் மூத்த விங்கர் என்ற பொருளில் ஸ்டான்லி மேத்யூஸைத் தவிர்த்து எழுத முடியாது. 1915-இல் பிறந்த இவர், 32 வயதில், 1947-இல், ஸ்டோக் சிட்டியிலிருந்து 11,500 பவுண்டுக்கு பிளாக்பூல் சென்றார். 1953 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் போல்டன் 3-1 என முன்னணியில் இருந்தது. போல்டனின் இடப்புறத்தில் ஒருவருக்குத் தொடைத்தசை காயம், பக்கத் தற்காப்பாளருக்குக் கால் பிடிப்பு. 38 வயது மேத்யூஸ் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பத் தாக்கினார். பிளாக்பூல் 4-3 என வென்றது. மூன்று கோல் அடித்தவர் சக ஆட்டக்காரர் மோர்டென்சன் என்றாலும் அந்த ஆட்டம் மேத்யூஸுக்கே உரியது. 1956-இல் முதல் பாலோன் டி'ஓர் விருதையும் அவர் பெற்றார். 46 வயதில் மீண்டும் ஸ்டோக்கில் சேர்ந்தபோது எட்டாயிரம் பேர் வந்துகொண்டிருந்த அரங்கத்துக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். 1963-இல் அக்குழு முதல் பிரிவுக்கு ஏறியது. 1965 பிப்ரவரியில், 50 வயது நிரம்பிய சில நாள்களில், கடைசி லீக் ஆட்டம் ஆடினார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

மலாயாவில் காற்பந்து கோலாலம்பூரின் பாடாங் திடலில், இன்றைய மெர்டேக்கா சதுக்கத்தில், கூட்டம் சேர்த்தது. எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலினர் அளித்த கிண்ணத்துக்கான 1921 முதல் இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது. சிங்கப்பூர் 2-1 என செலாங்கூரை வென்றது. அக்கிண்ணமே பின்னர் மலேசியக் கிண்ணமானது. செலாங்கூர் அதை 33 முறை வென்றிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வேலை முடிந்த மாலைகளில் ஆடிப் பழகியவர்களில் இருந்தே தமிழ் ஆட்டக்காரர்கள் வந்தனர்.

அண்மைக்காலத் தமிழ் விங்கர்களில் முதன்மையானவர் 1986-இல் பிறந்த எஸ். குணாளன். நெகிரி செம்பிலானில் வலப்புற விங்கராகப் பெயர் பெற்ற அவர், கே. ராஜகோபால் பயிற்றுவித்து 2010-இல் தென்கிழக்காசிய அணிகளுக்கான சுசுகி கிண்ணம் வென்ற மலேசியத் தேசிய அணியில் இருந்தார். அந்த இறுதியின் முதல் ஆட்டம் புக்கிட் ஜாலிலில் டிசம்பர் 26 அன்று இந்தோனேசியாவுக்கு எதிராக 3-0 என முடிந்தது. 2013-இல் செலாங்கூருக்கும் அடுத்த ஆண்டு ஜோகூர் டாருல் தக்சிமுக்கும் அவர் மாறினார். ஜோகூரில்தான் அவர் மூத்தவரானார். அங்கு வலப்புறத் தற்காப்பாளராகவும் ஆடத் தொடங்கினார். இது பதவி இறக்கம் அல்ல. விங்கராக இருந்தவருக்கு எதிரணி விங்கர் அடுத்து என்ன செய்வார் என்பது முன்னரே தெரியும். நெடுந்தூரம் வேகமாக ஓட வேண்டிய தருணங்களை அவரே தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. 2015-இல் ஜோகூர் குழு ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றது, தென்கிழக்காசியக் குழு ஒன்றுக்கு அது முதல் முறை.

ஆட்ட நுணுக்கம்

மூத்த விங்கர் பந்தை வாங்குமுன் தோளை ஒருமுறை திருப்பித் தற்காப்பாளரின் தூரத்தைப் பார்த்துவிடுவார். உடலைப் பாதி திறந்தபடி, கோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பார். பந்து வந்ததும் இரண்டாவது தொடுகையிலேயே, தற்காப்பாளர் கால் ஊன்றுமுன், முதல் கம்பத்துக்கு உயரம் குறைவாகக் கொடுத்துவிடுவார். மாலை மழையில் நனைந்து பந்து ஓடாத திடலில் இந்த முன்கூட்டிய உதையே பயன் தருகிறது. புதிய குழுவின் முன்வரிசை ஆட்டக்காரர் எந்தக் கம்பத்தை நோக்கி ஓடுவார் என்று பயிற்சியிலேயே கேட்டுப் பழகுவதுதான் மூத்தவரின் முதல் மாத வேலை. மூலை உதைகளையும் அவரிடம் ஒப்படைப்பதே சரி.

தற்போதைய நிலை

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. செலாங்கூருக்கு 2009, 2010 சூப்பர் லீக் வெற்றிகளைத் தேடித்தந்த கே. தேவன் அப்போது அதன் பயிற்றுநராக இருந்தார். மூத்தவர்களும் இளையவர்களும் சேர்ந்து ஆடத்தக்க ஓர் இடமாக விளங்கிய அக்குழு 2022 பருவத்துக்குப் பின் லீக்கிலிருந்து விலகியது. 2021-இல் மலேசியக் கிண்ணம் வென்ற கோலாலம்பூர் சிட்டியும் செலாங்கூரும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடர்ந்து ஆடிவருகின்றன.