கையறுநிலை

அன்புக்குரியவரின் பிரிவால் செயலற்று நிற்கும் நிலை. அந்நிலையில் பாடும் இரங்கற்பா.

‘கை’ என்பதற்குச் செயல் என்றும் பொருள் உண்டு. ‘அறு’ என்பது அற்றுப்போதல். மாண்டவரை எண்ணி, எஞ்சியிருப்போர் புலம்புவதைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையில் இத்துறையாகச் சுட்டுகிறது. புறநானூற்றில் இது பொதுவியல் திணையின் துறை. அதியமானை இழந்த ஔவையார், கள் சிறிதளவே கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடும் அவன் இயல்பைச் சொல்லி அழுகிறார் (235). பாரி மகளிரோ, தந்தை இருந்த நிலவு நாளையும் இல்லாத நிலவு நாளையும் அருகருகே வைக்கிறார்கள் (112). பெரிய புகழ்மொழி எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

பாடலுக்கு வெளியிலும் இந்நிலையைக் காணலாம். தில்லியில் 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவு அகில இந்திய வானொலியில் பேசிய நேரு, எப்படிச் சொல்வது, என்ன சொல்வது என்றே தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். ஒளி அணைந்துவிட்டது என்றவர், உடனே அது தவறு என்று தம்மையே திருத்தினார். அந்தத் தடுமாற்றத்தாலேயே அது உண்மையான கையறுநிலை உரை.

இன்று நாளிதழ்களில் இச்சொல் வெறும் இயலாமையைக் குறிக்கிறது. இழப்பு தரும் இயலாமை பேச்சுக்குத் தடையன்று, அதன் தொடக்கம் என்பதே இச்சொல்லின் பழைய பொருள். இரங்கல் கூட்டத்தில் பேச எழுபவர், இறந்தவரின் ஒரு சிறு பழக்கத்தைச் சொன்னாலே போதும்.