பக்கத்தில் இருப்பவர்கள்

கோடையில் மொன்றியலில் இளம் ஒப்பராப் பாடகர்களுக்குச் சில வாரப் பயிற்சிகள் நடப்பதுண்டு. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பராவில் நெடுங்காலம் பயிற்றுநராக இருந்த ஜோன் டோர்ன்மன் இங்கு நடத்திய பயிற்சி அவற்றுள் ஒன்று. இத்தகைய பயிற்சிகளுக்குப் பாடகர்களை மட்டும் அழைப்பதில்லை, பியானோ வாசிப்பவர்களையும் மாணவர்களாகச் சேர்க்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். நம் சமூகத்துக்கு அவர்களிடம் ஒரு பாடம் இருக்கிறது.

ஒப்பராவில் ஒத்திகைகள் பெரும்பாலும் பியானோவோடுதான் நடக்கும். முழு இசைக்குழு கடைசி நாட்களில்தான் வந்து சேரும். அதுவரை அத்தனை வாத்தியங்களின் வேலையையும் ஒருவர் பத்து விரல்களால் செய்ய வேண்டும். அவர் வேலை அதோடு முடிவதில்லை. பாடகருக்கு இத்தாலியமோ ஜேர்மனோ பேசத் தெரியாமல் இருக்கலாம். எந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது, எங்கே மூச்செடுப்பது, எங்கே குரலை அடக்குவது என்றெல்லாம் பக்கத்தில் இருந்து திருத்துபவர் அவரே. டோர்ன்மன் இதற்கும் ஒரு படி மேலே போனவர். மேடையின் முன்விளிம்பில், பார்வையாளர் கண்ணில் படாத சிறு பெட்டிக்குள் இருந்து, பாடகர்களுக்கு அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கும் வேலையையும் அவர் பார்த்தார்.

மட்டக்களப்புக் கூத்தைத் தெரிந்தவர்களுக்கு இவர் யாரென்று உடனே விளங்கும். சட்டம் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து, அரங்கேற்ற இரவில் களரியிலேயே நின்று, மறந்த அடியை எடுத்துக்கொடுக்கும் அண்ணாவியார்தான் இவர். மத்தளத்தின் இடத்தில் பியானோ இருக்கிறது, அவ்வளவுதான்.

மொன்றியலில் இந்தக் கலையை வளர்த்தவர்களில் ஒருவர் அகதி. ஜேர்மனியின் பிறேமன் நகரில் 1904இல் பிறந்த ஹான்ஸ் நொய்மார்க், யூத வம்சாவளியினர். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போனார். 1940இல் பிரித்தானிய அரசு தன் மண்ணிலிருந்த ஜேர்மன்காரர்களை எதிரி நாட்டவர் என்று பிடித்தபோது, ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,300 பேர் கப்பலேற்றப்பட்டுக் கனடாவில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். நொய்மார்க்கும் அவர்களில் ஒருவர். விடுதலையான பின் மொன்றியலில் குடியேறி, ஜோன் நியூமார்க் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை நினைவில் வைத்திருக்கும் நமக்கு, கப்பலில் வந்திறங்கிய இன்னொருவரின் கதை அந்நியமாக இருக்காது.

ஆங்கிலப் பாடகி கத்லீன் பெரியர் 1950இல் ஷூமானின் பாடல் தொகுதி ஒன்றை இசைத்தட்டுக்குப் பாடியபோது பியானோ வாசித்தவர் நியூமார்க். ஆனால் அவருடைய பெரிய பங்களிப்பு உள்ளூர்ப் பெண் ஒருவரோடு தொடங்கியது. மொறீன் பொறெஸ்ரர் 1930இல் மொன்றியலில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவர். அவருக்குக் குரல் இருந்தது. அந்தக் குரலுக்கு முறையான பயிற்சி தந்தவர்களில் ஒருவர் ஒல்லாந்திலிருந்து வந்த பேர்னார்ட் டியமன்ற். ஜேர்மன் பாடல்களின் உலகத்துக்குள் அவரை அழைத்துப் போனவர் நியூமார்க். 1956இல் நியூயோர்க் ரவுண் ஹோலில் பொறெஸ்ரர் முதன்முதலாகப் பாடியபோதும் பியானோவில் நியூமார்க்தான் இருந்தார். அடுத்த ஆண்டே புரூனோ வால்டரின் இசைநெறியாள்கையில் மாலரின் இரண்டாம் சிம்பொனியில் பாடும் வாய்ப்பு வந்தது. அதன்பின் உலகம் அறிந்த கனடியக் குரல்களில் ஒன்றாக அவர் இருந்தார். நியூமார்க் 1991இல் மொன்றியலில் காலமானார். பொறெஸ்ரரை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இப்படி ஒருவரோடு ஒருவர் இருந்து கற்றதை, அந்தத் தலைமுறை நிறுவனங்களாகவும் ஆக்கியது. வயலின் கலைஞர் ஜில் லெபேவ்ர் 1949இல் கியூபெக்கில் இளையோர் இசை இயக்கத்தைத் தொடங்கினார். 1951இல் மொன்றியலுக்குக் கிழக்கே ஓர்போர்ட் மலைப் பூங்காவில் அதன் கோடைப் பயிற்சிக் களம் உருவானது. 1980இல் மொன்றியல் ஒப்பராவும், 1984இல் இளம் பாடகர்களுக்கான அதன் பட்டறையும் வந்தன. இந்தப் பட்டறையில் பியானோப் பயிற்றுநர்களுக்கும் இடமுண்டு.

பெயரிலும் மாற்றம் வந்தது. நியூமார்க் காலத்தில் இவர்கள் 'துணைக்கு வாசிப்பவர்கள்'. இலண்டனின் புகழ்பெற்ற துணைப் பியானோக் கலைஞர் ஜெரால்ட் மூர் 1943இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே, இந்தத் தொழிலில் தனக்கு வெட்கமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் அமெரிக்கரான சாமுவேல் சாண்டர்ஸ் முன்வைத்த 'கூட்டுப் பியானோக் கலைஞர்' என்ற பெயர் நிலைத்தது. இன்று அதில் முனைவர் பட்டம்கூடப் பெறலாம்.

நம்மிடம் 'பக்கவாத்தியம்' என்ற நல்ல சொல் முன்பே இருக்கிறது. 1971இல் ரொறன்ரோவுக்கு வந்து யோர்க் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை கற்பித்த திருச்சி சங்கரன், சென்னை மேடைகளில் பெரும் வித்துவான்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். ஆனால் ஐம்பது ஆண்டுகளின் பின் நம் அரங்கேற்றங்களைப் பாருங்கள். பிள்ளை பாடினால் வயலினும் மிருதங்கமும் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகின்றன. மிருதங்க அரங்கேற்றமும் நடக்கிறது. ஆனால் அன்று மிருதங்கப் பிள்ளைதான் நாயகன், பாடகர் விமானத்தில் வருகிறார். தனியாக நிற்க எல்லாப் பிள்ளைகளையும் பழக்குகிறோம். இன்னொரு பிள்ளையின் மூச்சைக் கவனித்து வாசிக்கப் பழக்குவது அரிது. செலவு ஒருபுறம் இருக்கட்டும். இங்கே வளர்ந்த பாடகிக்கு இங்கே வளர்ந்த வயலின்காரர் கிடைக்காவிட்டால், அரங்கேற்றத்துக்கு அடுத்த நாள் அவள் யாரோடு பாடுவாள்? பலரின் சங்கீதம் அந்த மண்டபத்தோடு முடிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. நம் கோடை இசை வகுப்புகளில் பாடும் பிள்ளைகள் பத்துப் பேரைச் சேர்த்தால், வயலினும் மிருதங்கமும் பழகும் நான்கு பேரையாவது அதே அறையில், அதே வாரங்களில் சேர்க்கலாம். முடிவில் ஒரு கச்சேரி வைத்து, அழைப்பிதழில் எல்லாப் பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடலாம்.