கண்ணாடி இழைப் படகின் கதை

பழவேற்காட்டு ஏரிக்கரையில் நீங்கள் நடந்து செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்துப் போட்ட பைபர் படகு ஒன்றின் அடிப்பாகத்தை ஒருவர் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அருகே ஒரு வாளியில் தேன் போன்ற ரெசின், ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பவுடர், ஒரு சிறு புட்டி. அந்தப் புட்டியை அவர் ‘கேட்டலிஸ்ட்’ என்பார். அதாவது நம் பாடநூல் கூறும் வினையூக்கி. அந்தப் பெயர் பொருந்துமா? கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் படகைக் கட்டியது கயிறுதான். கட்டுமரத்தில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். மசூலாப் படகில் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். ஆணி அறையாத அந்தப் படகு அலை மோதும்போது சற்றே வளைந்து கொடுக்கும்.

புதிய பொருள் பிறந்தது அமெரிக்காவில். 1932-இல் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றபோது, அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டு அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. அதே பத்தாண்டில் கார்ல்டன் எல்லிஸ், பாலியெஸ்டர் ரெசினுடன் ஸ்டைரீன் போன்ற நீர்மத்தைக் கலந்தால் அது வெகு விரைவாக இறுகுவதைக் கண்டார். இழையையும் ரெசினையும் இணைத்து 1942-இல் ஓஹையோ மாநிலத்தில் ரே கிரீன் படகு செய்தார். இழை இழுவிசையைத் தாங்கும். ரெசின் இழைகளை நகராமல் பிடித்துக்கொள்ளும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏற்றக்கூடிய கண்ணாடி இழைப் படகுகளைச் சோதித்தது. ஆனால் இவை பெருவாரியாகப் பரவியது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாகப் பைபர் படகுகள் வந்தன. அவசரமாகக் கட்டிய பல படகுகளின் தரத்தைப் பற்றிக் குறைகளும் எழுந்தன. அவசரம் இந்த வேதியியலுக்கு ஆகாது.

ஏன் என்கிறீர்களா? ரெசினில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஸ்டைரீனில் கரைந்திருக்கின்றன. ஸ்டைரீன் அச்சங்கிலிகளுக்கு இடையே பாலம் கட்டினால் நீர்மம் திண்மமாகிவிடும். பிறகு அது உருகாது. இவ்வேலையைத் தொடங்கப் புட்டியிலுள்ள மெதில் எதில் கீட்டோன் பெராக்சைடு உடைய வேண்டும். உடைந்தது உடைந்ததுதான், மீண்டும் கிடைக்காது. 1835-இல் பெர்சிலியஸ் பெயர் சூட்டிய வினையூக்கியோ, வினையை விரைவாக்கிவிட்டுத் தான் தீர்ந்துபோகாமல் மிஞ்சுவது. எனவே புட்டியில் இருப்பது வினையூக்கி அன்று; வெறும் தொடக்கி!

உண்மையான வினையூக்கி, கரையில் ‘ஆக்சிலரேட்டர்’ எனப்படும் ஊதா நிறக் கோபால்ட் கரைசல். கோபால்ட் அயனியின் மின்சுமை இரண்டிலிருந்து மூன்றாகும், மீண்டும் இரண்டாகும். ஒவ்வொரு சுற்றிலும் பெராக்சைடை உடைக்கும். இது இல்லாவிட்டால் பெராக்சைடு உடையச் சூடு வேண்டும். கடற்கரையில் உலைக்கு எங்கே போவது?

பொதுவாக 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் பெராக்சைடு போதும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பழைய கணக்கு. மே மாத நண்பகலுக்கும் மார்கழிக் காலைக்கும் ஒரே அளவு சரிவராது. வினையே வெப்பத்தையும் வெளிவிடும். வாளி நிறையக் கலந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் புகை கிளம்பும், வெடிப்பு விழும். அகன்ற தட்டில் சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது.

இனிப் பவுடர். அது சுண்ணாம்புத் தூளாகவோ டால்க்காகவோ இருக்கும். இறுகும்போது ரெசின் பருமனில் சுமார் 7 சதவீதம் சுருங்கும். தூள் அச்சுருக்கத்தைக் குறைக்கும், வெப்பத்தையும் ஏற்கும். கலவை வழியாமல் நிற்கும். ஆனால் தூளில் இழை இல்லை என்பதை மறக்கக்கூடாது. ஓட்டையை மக்கால் மட்டும் அடைத்துப் பெயின்ட் அடித்த படகு பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். முகத்துவாரத்து மணல் திட்டில் அடிபட்டால் அடைப்பு பெயர்ந்துவிடும். உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஓட்டையைச் சுற்றி அகலமாகச் சரிவாகத் தேய்த்து, இழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்டினால்தான் பழைய வலிமை திரும்பும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். கோபால்ட் கரைசலையும் பெராக்சைடையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலக்கிவிட்டு, அதன் பிறகே பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். பெராக்சைடு ஒரு துளி தெறித்தாலும் கண்பார்வை போகலாம். உடனே ஏராளமான நீரால் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.