பிரம்பும் பிடிசோறும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. அவ்வழியே காலை வேளையில் சீருடை அணிந்த சிறுவரும் சிறுமியரும் பள்ளி செல்லும் காட்சியைக் காணும்போது நம் உள்ளம் மகிழ்கிறது. ஆயினும், இதே மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் பெற்றோருடன் வெளியூர் செல்லும் பிள்ளைகளும் உளர். பள்ளிக்கு வராத பிள்ளையை வரவழைப்பது எவ்வாறு? இவ்வினா இன்று எழுந்ததன்று. தலைமுறை தலைமுறையாக நம் நாடு இதற்கு விடை தேடி வந்திருக்கிறது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் கண்ட விடை பிரம்பு. வராத பையனைச் சட்டாம்பிள்ளை வீடு தேடிச் சென்று பிடித்து வருவான். கைகளைக் கயிற்றில் பிணைத்துத் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்ற தண்டனையும் அன்று இருந்தது. நம் ஓதற்பள்ளிகளிலும் பிரம்பு ஓய்ந்திருந்ததாகச் சொல்வதற்கில்லை. “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் எத்தனையோ பேர்!

இத்தனை கண்டிப்பு இருந்தும் பிள்ளைகள் எல்லாரும் படித்தார்களா? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றதாகத் தெரியவந்தது. அவர்களில் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. மாகாணத்தின் மக்கள் தொகையோ ஏறத்தாழ ஒரு கோடியே 28 இலட்சம். வீட்டிலேயே கற்றவர்கள் இக்கணக்கில் முழுமையாகச் சேரவில்லை என்பது உண்மையே. எனினும், 1823இல் பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கை நம் கவனத்திற்குரியது. பெற்றோரால் படிப்புச் செலவைத் தாங்க இயலவில்லை. பிஞ்சுக் கைகள் சிறு வேலைக்குத் தகுதி பெற்றவுடனேயே குடும்பத்திற்கு அவற்றின் உழைப்பு தேவைப்படுகிறது என்று அவர் எழுதினார். பிள்ளையின் அடங்காமையை அவர் காரணமாகக் காட்டவில்லை; வறுமையையே காட்டினார்.

இவ்வுண்மையை உணர்ந்து செயல்பட்டவர்களும் இருந்தனர். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு உணவளிக்க முடிவு செய்தது. 1953இல் இராஜாஜி வேறொரு வழியைக் கொணர்ந்தார். கிராமப்புறப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அத்திட்டம். தச்சன் மகன் தச்சனாகவே இருக்க வேண்டுமா என்று மக்கள் சினந்தெழுந்தனர். காமராசர் 1954இல் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 1956இல் அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊர் மக்கள் நெல்லும் பணமும் ஈந்து அதனைத் தாங்கினர். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது.

பிரம்போ படிப்படியாக விலக்கப்பட்டது. 2003இல் தமிழகக் கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடல் தண்டனை நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அதனைத் தடை செய்தது. பிரம்பு போனதால் ஒழுக்கமும் போயிற்று என்று வருந்துவோர் நம்மிடையே உண்டு. ஒழுக்கம் தேவையே, அதில் ஐயமில்லை. ஆனால், அச்சத்தால் அமர்ந்திருக்கும் பிள்ளை, வாய்ப்புக் கிடைத்ததும் ஓடிவிடும். கோதண்டம் தொங்கிய காலத்தில் பள்ளிக்கு வெளியே நின்ற பிள்ளைகளை, பின்னாளில் ஒரு பிடி சோறு உள்ளே அழைத்து வந்தது என்பதே வரலாறு நமக்குக் கூறும் செய்தி.

இப்பாடத்தை நம் இல்லங்களிலும் நாம் படித்தாக வேண்டும். மகன் கடையில் நின்றால் நாலு காசு வரும், மகள் பீடி சுற்றினால் குடும்பச் செலவுக்கு உதவும் என்று படிப்பை நிறுத்துகிறவர்கள் நாமே அல்லவா? காம்ப்பெல் அன்று எழுதியது இன்றும் சில வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. அரசு சோறு போடும், சீருடை தரும், புத்தகம் தரும். பிள்ளையின் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். அண்டை வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு வறுமையால் நின்றிருக்குமாயின், அக்குடும்பத்தின் சுமையில் ஒரு பங்கை ஏற்பதும் நம் கடமையாகும்.