பெயர் ஏறிய மூட்டை

இலங்கையில் சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தில் முன்னைநாதர் சந்நிதிக்குப் போகும் தேங்காய், கடையில் இருக்கும்வரை குவியலில் ஒன்றுதான். அர்ச்சனைத் தட்டில் ஏறி, ஐயர் பெயரும் நட்சத்திரமும் சொன்னபிறகு அது இன்னாருடையது. பத்துத் தட்டுகள் அருகருகே இருந்தாலும் அவரவர் தட்டு அவரவர் கைக்கே திரும்பும்.

அதே தோப்பின் இன்னொரு தேங்காய் ஆலைக்குப் போகிறது. அதற்கும் வழியில் ஒரு பெயர் ஏறுகிறது.

கொழும்பு, குருநாகல், சிலாபம் சூழ்ந்த தெங்கு முக்கோணத்தின் வடமேற்கு மூலை இது. தெதுரு ஓயா கடலில் சேரும் இக்கரையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் பறிப்பார்கள். மட்டை உரித்த காய், இங்குள்ளோர் ‘டிசி மில்’ என்று சொல்லும் துருவல் ஆலைக்கு வருகிறது. அங்கே சிரட்டையைக் கொத்தி எடுத்து, பருப்பின் பழுப்புத் தோலைச் சீவி, கழுவி, வெந்நீரிலோ நீராவியிலோ கிருமி நீக்கி, துருவி, ஈரப்பதம் 3 சதவீதத்துக்குள் வரும்வரை உலர்த்துகிறார்கள். ஒரு கிலோ துருவலுக்கு ஏறக்குறைய எட்டுக் காய் வேண்டும். 25 கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கினால் 200 தேங்காய் தோளில் ஏறுகிறது.

மூட்டையின் வாய் மூடப்பட்டதும் தொகுதி இலக்கம் பதிகிறது. எந்த ஆலை, எந்த நாள் என்பதை அந்த இலக்கம் சொல்லும். அதன் அருமையை இத்தொழில் பட்டுத்தான் அறிந்தது. 1950களின் முடிவில் பிரித்தானியாவுக்குப் போன இலங்கைத் துருவலில் சால்மனெல்லா கிருமி இருப்பது தெரியவந்தது. அதன்பின் ஆலைகளின் சுகாதார விதிகள் இறுகின. இன்று கிருமிச் சோதனையில் தேறாத தொகுதி கப்பலேறக் கூடாது.

அதனால் மூட்டை களஞ்சியத்தில் காத்திருக்கிறது. கணினியில் அதன் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது.

களஞ்சியத்தில் 400 மூட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 120க்குச் சோதனை முடிவு வரவில்லை. 200 மூட்டைக்கு ஏற்கனவே கட்டளை வந்துவிட்டது. விற்கக்கூடியது 80தான். ஆனால் ‘கையிருப்பு 400’ என்ற எண்ணை மட்டும் பார்க்கிறவர், அடுத்து வந்தவருக்கு 150 தருவதாகச் சொல்லிவிடுவார். லொறி வந்து நிற்கும் நாளில் 70 மூட்டை குறையும். இதைத் தடுக்கத்தான் கையிருப்பு, ஒதுக்கியது, விற்கக்கூடியது என்று மூன்று கணக்குகளை மென்பொருள் தனித்தனியே வைக்கிறது. ஒதுக்கிய மூட்டை இன்னும் அசையவில்லை, கையிருப்பிலும் குறையவில்லை. ஆனாலும் அது ஒருவருக்குக் கொடுத்த வாக்கு.

எந்த மூட்டை யாருக்கு என்பதை எப்போது முடிவுசெய்வது? கட்டளை வந்த அன்றே குறிப்பிட்ட மூட்டைகளைக் கட்டிவைத்தால், நாளை ஏற்ற வேண்டியவருக்குக் கொடுக்கத் தேறிய சரக்கு இல்லாமல், அடுத்த மாதம் போக வேண்டியது குந்திக்கொண்டிருக்கும். எனவே அளவை முந்தி ஒதுக்க வேண்டும். மூட்டையைப் பிந்தி ஒதுக்க வேண்டும். ஏற்றும் நாள் நெருங்கும்போது, சோதனையில் தேறியவற்றுள் முதலில் காலாவதியாவதை முதலில் எடுப்பது பொது விதி. ஆனால் வாங்குபவர் முழுச் சரக்கும் ஒரே தொகுதியாக வேண்டும் என்றால், இத்தனை மாத ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்றால், அவர் சொல்லுக்கு விதி வழிவிடும்.

பட்டியலோடு அடுக்குக்குப் போகிற தொழிலாளியின் கையில்தான் இந்தக் கணக்கு மெய்யாகிறது. பட்டியல் காட்டிய மூட்டையின் ஓரம் கிழிந்திருக்கிறது. பக்கத்து அடுக்கில் நல்ல மூட்டை இருக்கிறது. கை நீட்டினால் எட்டும். ஆனால் அது வேறொருவர் பெயரில் இருக்கிறது. கிழிந்ததை முதலில் கணக்கில் விலக்கி, அதே தொகுதியில் யாருக்கும் ஒதுக்காத இன்னொன்றை மென்பொருள் தரும்வரை அவர் பொறுக்க வேண்டும். அவசரத்தில் ஒரு மூட்டையை மாற்றி எடுத்தாலும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். இலக்கம் மட்டும் பொய்யாகும். பிறகு ஒரு தொகுதியில் குறை தெரிந்தால், அது யார் வீட்டுக்குப் போனது என்று சொல்ல ஒருவராலும் முடியாது. ஒரு தொகுதியைத் திருப்பி அழைக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் அழைக்க நேரும். அந்தக் களஞ்சியத் தொழிலாளியின் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன். முகம் தெரியாத ஒரு குழந்தையின் வயிற்றை அவர் காக்கிறார்.

மூட்டை லொறியேறுகிறது. அப்போதுதான் கையிருப்பும் குறைகிறது. புத்தளம் வீதி வழியே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் கொழும்புத் துறைமுகம், பிறகு கடல். எங்கோ ஒரு வெதுப்பகத்தில் ஒருவர் அதைப் பிரிக்கிறார். அவருக்கு முன்னேஸ்வரம் தெரியாது. கையில் இருக்கும் இலக்கத்தை அவர் சொன்னால் போதும். இங்கே அந்த நாளின் ஏடு திறக்கும்.